ஊமைப் படங்களின் மறுவாழ்வு

பேசும் படம் தோன்றியதும் ஊமைப் படங்களின் மதிப்புக் குன்றியது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் பதிவான அவற்றுள் எரிந்தவை பல, மட்கியவை பல, பயனற்றவையெனப் பட நிலையத்தாரே அழித்தவையும் உண்டு. அமெரிக்காவின் ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களில் 14 விழுக்காடே முதலில் வெளிவந்த வடிவில் எஞ்சியுள்ளன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

தாம் சிரியாமலே உலகைச் சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டனின் படங்கள் சில, தனி மனிதர் கருத்தால் பிழைத்தன. அவர் முன்பு வாழ்ந்த மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கு மறைந்து கிடந்த சுருள்களை 1950-களில் கண்டெடுத்தார். 'கொல்லன்' என்னும் பொருள்படும் 'தி பிளாக்ஸ்மித்' 1922-இல் வெளிவந்தது. அதன் மாற்று வடிவம் ஒன்றை 2013-இல் அர்ஜென்டினாவில் பெர்னாண்டோ பெஞா கண்டறிந்தார்.

செப்பனிடுவோர் பல பிரதிகளைத் திரட்டி, தெளிவான பகுதிகளைத் தேர்ந்து, கீறல் நீக்கிக் கோக்கின்றனர். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பது போன்ற பணி இது. பின்னர் அவை புளூ-ரே தட்டுகளாக இல்லம் புகுகின்றன.

1926-இல் முதன்முதல் திரையிடப்பெற்ற 'தி ஜெனரல்' படத்தில் மெய்யான ரயில் எஞ்சினே எரியும் பாலத்தோடு ஆற்றில் வீழ்கிறது. ரயில்வே ஊழியனாகிய யான் அதனை வீட்டில் கண்டு பதறினேன். என் மக்களோ கைகொட்டிச் சிரித்தனர். எவரோ எறியாது காத்த சுருளன்றோ அச்சிரிப்பைத் தந்தது!