வந்தவாசிக் களத்தில் அயர்லாந்தின் பிள்ளைகள்

திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலை, நம் பங்கு மக்களில் பலருக்குப் பெண் கொடுத்து பெண் எடுத்த வழி. அங்கே 1760 ஜனவரி 22-ந் தேதி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டார்கள் என்று பள்ளியில் படித்தோம். இரு தளபதிகளுக்கும் பூர்வீகம் அயர்லாந்து என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பிரெஞ்சுத் தளபதி லாலி 1702-ல் பிரான்சில் பிறந்தவர். தகப்பனாரோ அயர்லாந்தின் கால்வே சீமைக் கத்தோலிக்கர். ஆங்கிலத் தளபதி அயர் கூட், அதே தீவின் லிமரிக் சீமையில் ஒரு புராட்டஸ்தாந்து போதகரின் மகன். இருவரும் பாலிய சிநேகிதர் அல்லர். வயதிலும் இருபது ஆண்டுக்கு மேல் வித்தியாசம். ஆனால் ஒரு தாய்நாட்டுப் பிள்ளைகளை எதிரெதிராக நிறுத்தியது எது?

1691-ல் லிமரிக் உடன்படிக்கையோடு அயர்லாந்தில் கத்தோலிக்கர் பக்கம் தோற்றது. ஆயிரக்கணக்கான வீரர்கள் கப்பலேறிப் பிரான்சு சென்றனர். பின்னர் வந்த சட்டங்களால் கத்தோலிக்கருக்குப் படையில் அதிகாரி பதவி இல்லை. பள்ளிக்கூடம் நடத்தவும் தடை. ஆகவே வேதத்தை விடாத வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு மன்னனிடம் சேவகம் தேடினான். அரசாங்க மதத்தைச் சேர்ந்த அடுத்த வீட்டுப் பிள்ளை ஆங்கில மன்னனிடம் சேர்ந்தான். 1745-ல் ஐரோப்பாவில் போன்டனாய் போரிலும் இவ்வாறே எதிர்நின்றார்கள். லாலியின் பெயரைத் தாங்கிய அயர்லாந்துப் படைப்பிரிவு அவரோடு இங்கும் வந்தது. பிற நாட்டாரும் அதில் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

வந்தவாசியில் பிரெஞ்சு அணியருகே வெடிமருந்து வண்டி வெடித்து அணி குலைந்தது. புஸ்ஸி பிரபு லாலியின் படைப்பிரிவுக்கு முன்னே நின்று துப்பாக்கி ஈட்டியோடு பாய்ந்தார். குதிரை சுடப்பட்டு வீழ, சிறைப்பட்டார். கூட் அவரை மரியாதையாக நடத்திப் புதுச்சேரி செல்ல அனுமதித்தார்.

நம்மவர் நிலை என்ன? ஆங்கிலேயரிடம் சுமார் 2,100 சிப்பாய்கள், பிரெஞ்சுக்காரரிடம் சுமார் 1,300 பேர். புத்தகங்கள் தொகையைச் சொல்லுகின்றனவே தவிர பெயரைச் சொல்லுவதில்லை. அவர்களைப் பிரித்தது வேதமுமல்ல, சட்டமுமல்ல. எந்தக் கும்பினி சம்பளம் கொடுத்தது என்பதே.

மார்ச்சு மாதம் நம் பெருமுக்கல் மலைக்கோட்டையைத் தாக்கியபோது கூட்டுக்கு முழங்காலில் காயம் பட்டது. 1761 ஏப்ரலில் செஞ்சி பணிந்தது; அங்கே பிரெஞ்சுக் கொடியைக் காத்தவர் பெயர் மக்ரிகர். அது ஸ்காட்லாந்துப் பெயர்!

அதற்கு முன்பே, 1761 ஜனவரி 16-ல், பட்டினியால் புதுச்சேரி சரணடைந்திருந்தது. பின்னர் நகரம் இடிக்கப்பட்டபோது சேசு சபையாரின் கோவிலும் தப்பவில்லை. இன்று நம் அதிமேற்றிராசனக் கோவிலாக விளங்கும் சம்பா கோவில் பிற்பாடு எழும்பியது. லாலியைப் பிரான்சு துரோகியென்று 1766-ல் சிரச்சேதம் செய்தது. 1778-ல் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது.

சரணடைந்த அன்று, எலும்புந் தோலுமாய் நின்ற பிரெஞ்சு அணியைக் கூட் பார்வையிட்டார். லொரேன், லாலி ஆகிய படைப்பிரிவுகளின் கிரனேடியர் வீரர்களே மிகவும் நலிந்திருந்தனராம். கரை இறங்கிய நாள் முதல் அவர்களில் ஒருவன்கூட எதிரணிக்கு ஓடியதில்லை என்று எழுதி வைத்தவர் ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திர ஆசிரியர்.