கிணற்று நீரும் கலாநிதிப் பட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் பாயும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் நம் செம்மண் தோட்டங்களை ஊட்டி வளர்ப்பது கிணற்று நீரே. அந்நீரை அறிய முயன்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. துலாமிதித்து இறைத்த நம் முன்னோர் இதனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப்பற்றி எமர்சன் தெனந்து 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் எழுதினார். ஆயினும் இத்தகைய நீரின் விதியைக் கணித்துரைத்தோர் ஐரோப்பியக் கடற்கரைகளை ஆராய்ந்த இருவர்: ஒல்லாந்தர் கைபன், செருமானியர் ஏர்சுபேர்க்கு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது அவ்விதி. மேலே ஓரடி குறையின் கீழே 40 அடி இழப்போம் என்பதும் அதனுள் அடங்கும்.

1954 ஆம் ஆண்டில் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொணரும் திட்டத்தை வகுத்தார். அது இன்னும் முற்றுப்பெறவில்லை.

அக்காலத்தில் ஆராய்ச்சிப் பட்டம் விரும்பியோர் பேராதனைக்கோ, கொழும்புக்கோ, கடல்கடந்தோ செல்ல நேர்ந்தது. 1974 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் தோன்றி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1980களின் ஆய்வுகள், உரம் மிகுதியாக இடப்பட்ட தோட்டப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தலைக் காட்டின. ஆனால் 2009 வரை நீடித்த போர், வெளிக்கள ஆய்வுக்குப் பெருந்தடையாயிற்று.

இன்று அப்பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப்படிப்புகள் பீடம் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு வழிதிறந்துள்ளது. 1959 இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை வெளிநாட்டுக்கும் வழிகாட்டுகின்றன. வினாக்களோ நம் முற்றத்திலேயே உள்ளன. கடல்மட்டம் உயருங்கால் நன்னீர் வில்லை எவ்வளவு மெலியும்? பலநாட் பெய்யவேண்டிய மழை சிலநாளிற் கொட்டிக் கடலுக்கு ஓடின், நிலத்துள் இறங்குவது எவ்வளவு? எத்துணை கிணறுகளில் எவ்வளவு இறைக்கலாம்?

இவற்றுக்கு விடைகாண ஒருநாள் அளவீடு போதாது. மாரியும் கோடையும் மாறி மாறி வர, அதே கிணறுகளை ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதுதல் வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிகாரிக்கு இது அரிது; ஒரே வினாவோடு சில ஆண்டுகள் வாழும் ஆராய்ச்சி மாணாக்கனுக்கே இயலும்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் பெற்றோருக்கு ஒன்று கூறுவேன். கெட்டிக்காரப் பிள்ளையென்றால் மருத்துவம் அல்லது பொறியியல் என்று முடிவுகட்டுவது நம் வழக்கம். புவியியலையும் இரசாயனத்தையும் விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். மருத்துவர் நோயைத் தீர்ப்பார். குடிநீர் கெடாமற் காப்பவர் நோய் வருமுன்னரே ஊரைக் காப்பார். அத்தகையோர் நம்மிடையே பெருகவேண்டும்.