விடுதியில்லாத கல்லூரியின் சுவர்கள்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி நூலகம் கண்காட்சிக் கூடமான வரலாறு

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மாணவர் விடுதி கிடையாது. காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்புக்கு வருபவர்களும், வகுப்பு முடிந்த கையோடு கடைக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்கு ஓடுபவர்களும்தான் அங்கே படிக்கிறார்கள். வகுப்பறைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே அவர்கள் சற்று நேரம் உட்காரக்கூடிய இடம் நூலகம். அந்த நூலகத்தின் சுவரில் ஓவியம் மாட்டுகிறார்கள். எழுத்தாளரை அழைத்துப் பேசவைக்கிறார்கள். ஊரார் ஒரே நாவலைப் படித்துவிட்டு விவாதிக்கக் கூடுகிறார்கள். புத்தகம் கொடுத்து வாங்கும் பணியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட அலங்காரமாக இவற்றைக் கருதிவிடுவது எளிது. விடுதி இல்லாத நிலையே இந்தப் பணிகளை நூலகத்துக்குள் கொண்டுவந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றதும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி நிலையமே பலருக்கும் நினைவில் வரும். அமெரிக்காவில் அது இரண்டாண்டுப் படிப்பு தந்து, விரும்புவோரைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு அனுப்பிவைக்கும் உள்ளூர்க் கல்லூரி. இவற்றில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய அரசுக் கல்லூரி, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கியது. அவ்வூர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர். வகுப்பு நடந்தது உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில். இப்படிப் பள்ளியின் நிழலில் முளைத்த கல்லூரிகளுக்குத் தனி நூலகம் என்பதே எட்டாக்கனியாக இருந்தது. 1930களில் கார்னகி நிதியம், அன்று ஜூனியர் கல்லூரி எனப்பட்ட இவற்றின் நூலகங்களுக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அக்குழுவுக்காக ஃபாஸ்டர் மோர்ஹார்ட் தொகுத்த நூற்பட்டியல் 1937இல் வெளிவந்தது. எந்தப் புத்தகங்களை வாங்குவது என்பதே அன்றைய கவலை. சுவரைப் பற்றி யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை.

நூலகச் சுவருக்கு வேறொரு வேலை உண்டு என்பதைப் பொது நூலகங்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தன. நியூவார்க் நகரில் ஜான் காட்டன் டேனா தம் பொது நூலகத்தின் மேல்மாடியிலேயே 1909இல் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். இதைவிட ஆழமான முன்னுதாரணம் நியூயார்க்கின் ஹார்லெமில், 135ஆம் தெருக் கிளை நூலகத்தில் உருவானது. நூலகர் எர்னஸ்டின் ரோஸ் பொறுப்பில் இருந்தபோது, 1921இல், கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆர்டுரோ ஷோம்பர்க் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களையும் ஓவியங்களையும் 1926இல் கார்னகி நிதியம் 10,000 டாலருக்கு வாங்கி அந்நூலகத்துக்குக் கொடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஹார்லெமில் வளர்ந்த ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் அங்கே உட்கார்ந்து ஹைட்டியின் விடுதலை வரலாற்றைப் படித்தார். அவ்விடுதலைப் போரின் தலைவர் டூசான் லூவெர்ச்சூரின் வாழ்க்கையைச் சொல்லும் 41 ஓவியங்கள் அந்தப் படிப்பிலிருந்து பிறந்தன. படிப்பது ஒரு மூலையிலும் பார்ப்பது இன்னொரு மூலையிலும் நடக்கும் தனித்தனிச் செயல்கள் என்று நினைப்பவருக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமான மறுப்பு.

கல்லூரி உலகில் இந்த எண்ணத்தைத் துணிந்து செய்து பார்த்தவர் பி. லாமர் ஜான்சன். மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பெண்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரியாக அன்று இயங்கிய ஸ்டீவன்ஸ் கல்லூரிக்கு 1931இல் அவர் வந்தார். நூலகர் பதவியும் கல்வித்துறைத் தலைவர் பதவியும் ஒரே ஆளிடம் தரப்பட்டன. பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பவரே புத்தகத்தையும் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு அன்றைக்கு மட்டுமன்றி இன்றைக்கும் அரிது. நூலகத்தை ஒரே கட்டடத்தில் பூட்டிவைக்காமல் வகுப்பறைக்கும் விடுதிக்கும் அவர் கொண்டுபோனார். விடுதிகளில் சிறு நூலகங்கள் அமைந்தன. சட்டமிட்ட ஓவியப் பிரதிகளைப் புத்தகம்போலவே இரவல் வாங்கி, மாணவி தன் அறையில் மாட்டிக்கொள்ள முடிந்தது. இந்த அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூலை அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் வெளியிட்டது; ஜூனியர் கல்லூரி நூலகர்களிடையே அது பரவலாகப் பேசப்பட்டது.

ஸ்டீவன்ஸின் வெற்றிக்கு அடிப்படை அதன் விடுதி. படம் போய்ச் சேர அங்கே ஓர் அறை இருந்தது. மாலையில் கூடிப் பேசவும் இடம் இருந்தது. பின்னால் இம்முறையைப் பின்பற்ற நினைத்த அரசுக் கல்லூரிகளில் இரண்டும் இல்லை. அங்கு மாணவர் தங்குவது பெற்றோர் வீட்டில், அல்லது வாடகை வீட்டில். படத்தை அறைக்கு அனுப்ப முடியாதபோது நூலகச் சுவரிலேயே மாட்டுவதுதான் வழி. விடுதிக் கூடத்து உரையாடலும் அவ்வாறே நூலகக் கூடத்துக்கு இடம் மாறியது. ஸ்டீவன்ஸ் சோதனை அரசுக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்ததை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்மாற்றத்துக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. படைவீரர்களுக்குக் கல்விச் செலவு தந்த 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளை நிரப்பியிருந்தது. அதிபர் ட்ரூமன் அமைத்து, ஜார்ஜ் சூக் தலைமையில் இயங்கிய உயர்கல்விக் குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சமுதாயக் கல்லூரி என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது அந்த அறிக்கைதான். இக்கல்லூரி சுற்றுவட்டார மக்கள் அனைவருக்குமான கல்வி, பண்பாட்டு மையமாக இருக்க வேண்டும் என்று அது கருதியது. ஆக, கல்லூரி நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்குச் சேர்க்கை எண் இல்லாத ஊர்க்காரரும் வரலாம் என்பது நூலகரின் பெருந்தன்மையைப் பொறுத்ததாக இல்லாமல் கல்லூரியின் கடமையாயிற்று.

அடுத்து வந்தது கட்டட வேகம். 1960களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு சமுதாயக் கல்லூரி திறக்கப்பட்டது என்பார்கள். 1963ஆம் ஆண்டின் உயர்கல்விக் கட்டடச் சட்டம், இளநிலைக் கல்விக் கட்டடங்களுக்கான நிதியில் 22 விழுக்காட்டை அரசு சமுதாயக் கல்லூரிகளுக்கும் தொழில்நுட்ப நிலையங்களுக்கும் ஒதுக்கியது. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் புத்தகம் வாங்கப் பணம் தந்தது. நூலகமும் ஒலி, ஒளிக் கருவிப் பிரிவும் ஒன்றாகி ‘கற்றல் வள மையம்’ என்று பெயர் மாறின. 1972இல் அதற்கென வழிகாட்டு நெறிகளும் வந்தன. புத்தகத்தோடு ஒலித்தட்டும் திரைப்படச் சுருளும் படத்தொகுப்பும் சம இடம் பெற்றுவிட்ட நூலகத்தில், ஓவியத்துக்கு இடம் கேட்பது விசித்திரமாகத் தோன்றவில்லை.

ஆனால் படிப்பதற்கான கூடமும் படம் பார்ப்பதற்கான கூடமும் ஒன்றல்ல. வாசிப்பு மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை வெளிச்சம் வேண்டும். நீர்வண்ண ஓவியத்துக்கும் துணிக்கும் பழைய புகைப்படத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வரம்பு. கண்ணுக்கு இதமான வாசிப்பு வெளிச்சமே ஓவியத்துக்கு ஆறு முதல் பத்து மடங்கு வரை அதிகம். மாணவர் படைப்புகளும் அச்சுப் பிரதிகளும் ஊர் ஊராகச் சுற்றிவரும் தட்டிகளும் இந்நூலகங்களின் சுவர்களை நிரப்புவதற்கு நிதிப் பற்றாக்குறை ஒரு காரணம் என்றால், விளக்கு இன்னொரு காரணம். அசல் படைப்பு வேண்டுமென்ற கல்லூரி தனிக்கூடம் தேட வேண்டியிருந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி அப்படித் தேடியது. திகில் படங்களால் புகழ்பெற்ற நடிகர் வின்சென்ட் பிரைஸும் அவர் மனைவி மேரியும், அசல் ஓவியத்தை நேரில் காணும் வாய்ப்பு அப்பகுதி மாணவருக்கு இல்லை என்பதை உணர்ந்து, தங்கள் சேகரிப்பிலிருந்து 90 படைப்புகளை அக்கல்லூரிக்கு அளித்தனர். 1957இல் உருவான அந்தக் கலைக்கூடம் இன்று வின்சென்ட் பிரைஸ் கலை அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது.

எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் கலையை வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் பார்க்கவென்றே போகிறார். கல்லூரி வழித்தடத்திலோ நூலக வாசலிலோ படம்தான் ஆளைத் தேடி வருகிறது. இல்லினாயின் பிரைரி ஸ்டேட் கல்லூரியில் 1980இல் நடந்த ஆசிரியர் கண்காட்சி இச்சிக்கலை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. கலைத்துறைத் தலைவர் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் சில, ஆபிரே பியர்ட்ஸ்லியின் கோட்டோவியங்களைத் தழுவிப் பெண்களை நிர்வாணமாகச் சித்திரித்தன. கண்ணாடியின் பழுப்பு நிறம் அப்பெண்களைக் கறுப்பினத்தவராகக் காட்டியது. காட்சிக்கூடமோ கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தில், ஆட்கள் ஓயாது நடமாடும் பொதுக்கூடத்தை ஒட்டித் திறந்து கிடந்தது. மாணவர், துப்புரவுப் பணியாளர், கறுப்பினப் பாதிரிமார் எனப் பலரும் முறையிட்டார்கள். அவற்றை அதே கல்லூரியில் வேறோர் இடத்துக்கு மாற்றும்படி நிர்வாகம் சொன்னது. ஆசிரியர் வழக்குத் தொடுத்தார். 1985இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தது. தடை செய்யாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னது தீர்ப்பில் பெரிதும் எடைபோட்டுப் பார்க்கப்பட்டது. அந்த வேறுபாடு நியாயமானது என்றாலும், ஆள் வராத அறைக்கு அனுப்பப்பட்ட படம் பாதி மறைக்கப்பட்ட படம்தான் என்ற கலைஞரின் வருத்தத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். நூலகங்கள் இதே கேள்வியை எதிர்கொள்ள, கண்காட்சி இடத்தைக் கேட்பவரின் கருத்தைப் பார்க்காமல் சமமாக வழங்க வேண்டும் என்னும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் நூலக உரிமைச் சாசனம் துணை நிற்கிறது.

வாசிப்பு நிகழ்ச்சிகளின் கதை இதைவிடச் சுமுகமானது. 1965இல் கலைக்கும் மானுடப் பண்பியல் துறைகளுக்கும் தனித்தனியே தேசிய நிதியங்கள் பிறந்தன. 1982இல் அமெரிக்க நூலகச் சங்கம் மானுடப் பண்பியல் நிதியத்தின் உதவியுடன், அறிஞர் ஒருவரை நடுவில் அமர்த்தி மக்கள் நூல்களை விவாதிக்கும் தொடரை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. 1998இல் சியாட்டில் பொது நூலகத்தின் நான்சி பெர்ல், ரசல் பேங்க்ஸின் ஒரு நாவலை ஊர் முழுவதையும் படிக்கவைத்தார். சமுதாயக் கல்லூரிகள் அம்முறையை வகுப்போடு இணைத்தன. ஒரே நூலை ஆங்கில வகுப்பும் செவிலியர் வகுப்பும் படிக்கும்போது, அதையொட்டிய ஓவியங்களை நூலகம் மாட்டும். முடிந்தால் ஆசிரியரையும் வரவழைக்கும். மயாமியில் இது தெருவுக்கே வந்துவிட்டது. கல்லூரி வளாகத் தலைவர் எடுவார்டோ பத்ரோனும் புத்தகக் கடைக்காரர் மிட்செல் கப்லானும் மற்றவர்களும் சேர்ந்து, நகர மையத்திலுள்ள மயாமி-டேட் சமுதாயக் கல்லூரி வளாகத்தில் 1984இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி, நாட்டின் பெரிய இலக்கிய விழாக்களில் ஒன்றாக இன்று நிலைபெற்றிருக்கிறது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், தொழிற்சாலைகள் சூழ்ந்த இடத்தில், 1971இல் திறந்த லகார்டியா சமுதாயக் கல்லூரி இன்னும் ஓரடி முன்னே சென்றது. வெளியிலிருந்து வரும் கண்காட்சிக்காகக் காத்திராமல், 1982இல் தன் சொந்த ஆவணக்காப்பகத்தை அது நிறுவிக்கொண்டது. நகர மேயர்கள் லகார்டியா, வாக்னர், கோச் ஆகியோரின் தாள்களும், நகர வீட்டுவசதி ஆணையத்தின் பதிவுகளும், அதே குவீன்ஸில் பியானோ செய்துவரும் ஸ்டைன்வே நிறுவனத்தின் ஆவணங்களும் அங்கே உள்ளன. வீட்டுவசதி ஆணையக் குடியிருப்பில் வளர்ந்த மாணவர், அக்குடியிருப்பு எழும்பியபோது எடுத்த புகைப்படத்தைத் தம் கல்லூரியிலேயே கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அதைப் பற்றி எழுதலாம், சுவரிலும் மாட்டலாம்.