வேலியோரத்துக் கரி

கோலார் தங்கவயலில் கண்ணுக்கு முதலில் படுவது சயனைடு மலைகள். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய பாறைத்தூள் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பின்னும், பலமாகக் காற்றடித்தால் மாவாய்ப் பறந்து வீட்டுக்குள் வரும். அதே காற்றில் கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவும் இருக்கிறது. அது மண்ணுக்குள் போகும் வழி, கேழ்வரகுக் கொல்லைகளின் உயிர்வேலி.

அந்த வேலிகளில் கன்னடக்காரர் ஹொங்கே என்னும் புங்கனும் நொச்சியும் கற்றாழையும் நிற்கும். புங்கன் இலை அந்த வாயுவை உள்ளே இழுத்து, வெயிலின் துணையோடு சர்க்கரை ஆக்குகிறது. அதிலுள்ள கரியில், அதாவது கரிமத்தில், ஒரு பங்கு மரத்தின் மூச்சோடு உடனே வெளியேறும். ஒரு பங்கு கட்டையாகும். இன்னொரு பங்கு வேருக்கு இறங்கும்.

உதிர்ந்த இலையைக் கரையானும் பூஞ்சையும் தின்னும். அதன் கரியில் பெரும்பகுதி மறுபடி காற்றுக்கே போய்விடும். மண்ணில் தங்குவது மிச்சம்தான். மடிந்த வேரின் துணுக்கும் நுண்ணுயிரின் உடலும் செம்மண்ணின் களித்துகள், இரும்பு ஆக்சைடு ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. பூஞ்சை இழைகள் அவற்றைப் பொலபொலவென்ற கட்டிகளாகப் பிணைக்கின்றன. கட்டிக்குள் அகப்பட்ட கரியை நுண்ணுயிர் எளிதில் எட்டாது. வேலியடியில் ஒரு பிடி அள்ளினால் மண் கருத்து உதிரும். நாலடி தள்ளி உழுத நிலத்தில் சிவந்து இறுகிக் கிடக்கும்.

உழவு அந்தக் கட்டிகளை உடைக்கிறது. கேழ்வரகுத் தாளும் மாட்டுக்குப் போய்விடுகிறது. தென்னிந்திய மானாவாரிச் செம்மண்ணில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ கரிமம்கூடப் பல இடங்களில் தேறாததற்கு இவையும் காரணம்.

இங்கிலாந்தின் கம்பிரியாவில் வேலியடி மண்ணில், பக்கத்துப் புல்வெளியைவிடச் சராசரியாக 31 விழுக்காடு கூடுதல் கரிமம் இருப்பதை லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் அளந்து சொன்னார்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே குளிரும் ஈரமும் அதிகம். இங்கே வெயிலில் மக்கு சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் வேலி ஆண்டுதோறும் தழையும் வேரும் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

மண்ணில் 12 கிலோ கரி நின்றால், காற்றில் 44 கிலோ கரியமில வாயு குறைந்தது என்று பொருள். ஜேசிபி வைத்து வேலியைப் பிடுங்கினால், சேர்ந்ததில் ஒரு பகுதி நாளடைவில் மறுபடி காற்றுக்குக் கிளம்பிவிடும். முள்கம்பி போடுவோர் போடட்டும். பழைய வேலியைப் பிடுங்க வேண்டாம். கவாத்து செய்த தழையைக் கொளுத்தாமல் வேலியடியிலேயே போட்டுவிடுங்கள்.