சிமெனேயா: வயிறு பருத்த மண்ணடுப்பு எங்கிருந்து வந்தது?



லண்டன், மெல்பேர்ன் பக்கம் இருக்கும் எமது ஊர்ப் பிள்ளைகள் போடும் படங்களில் ஒரு சாமானைப் பலரும் கண்டிருப்பீர்கள். வீட்டுப் பின்வளவில், புல்தரையில், மூன்று இரும்புக் கால்களின் மேல் ஒரு பெரிய மண் பாத்திரம் இருக்கும். பானையைப் போல வயிறு. வயிற்றின் முன்பக்கம் ஒரு வாய். மேலே கூசாவின் கழுத்தைப் போல நீண்டு போகும் குழாய். வாய்க்குள் விறகு எரிய, கழுத்தால் புகை போக, சுற்றிவரக் கதிரை போட்டுக் குடும்பம் குந்தியிருக்கும். "இதென்ன, பாண் போறணையா?" என்று படத்துக்குக் கீழே கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி அவ்வளவு பிழையானதல்ல, பின்னால் சொல்கிறோம்.

இதன் பெயர் சிமெனேயா. மெக்சிகோ நாட்டு மண்ணடுப்பு. விற்கும் கடைகளில் சில இதை அஸ்டெக் மக்களின் அடுப்பு என்றே விளம்பரம் செய்கின்றன. வரலாறு படிப்பிக்கிற நாம் இப்படியான விளம்பர வாசகங்களைக் கண்டால் சும்மா விட்டுவிட முடிவதில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கிரேக்க மொழியில் 'காமினோஸ்' என்றால் சூளை, உலை. அது இலத்தீனுக்குப் போய் 'காமினுஸ்' ஆகி, அடுப்புள்ள அறைக்கு 'காமினாட்டா' என்று பெயராகி, பிரெஞ்சில் 'ஷெமினே' ஆகி, ஸ்பானிய மொழியில் 'சிமெனேயா' ஆனது. ஆங்கிலத்துக்குப் போனது 'சிம்னி' ஆனது. கரண்ட் போன இரவுகளில் நாம் துடைத்து மாட்டிய லாம்புச் சிமினி இருக்கிறதே, அதுவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்பானிய மொழி பேசுபவரிடம் போய் 'சிமெனேயா' என்றால் வீட்டுச் சுவரிலுள்ள கணப்படுப்பையோ தொழிற்சாலைப் புகைபோக்கியையோதான் முதலில் நினைப்பார். வயிறு பருத்த இந்த மண் அடுப்புக்கு மட்டும் அதைத் தனிப்பெயராக வைத்தவர்கள் ஆங்கிலம் பேசும் வாடிக்கையாளர்கள். ஆகவே பெயரில் அஸ்டெக் எதுவுமில்லை.

அப்படியென்றால் அஸ்டெக் மக்களிடம் அடுப்பு இருக்கவில்லையா? தாராளமாக இருந்தது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த அடுப்பு: மூன்று கல். அவர்களுடைய நாவாட்டில் மொழியில் அந்தக் கல்லுக்கு 'தெனமாஸ்த்லி' என்று பெயர். மேற்கே மிச்சோவாக்கான் பகுதியில் வாழும் புரெபெச்சா மக்கள் அடுப்பை 'பராங்குவா' என்கிறார்கள். மூன்று கல்லின் மேல் 'கொமால்' என்ற தட்டையான மண் ஓட்டை வைத்து, சோள மாவில் ரொட்டி சுடுவார்கள். எமது ரொட்டிச் சட்டியைக் கண்டவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. புகைக்கென்று தனி வழி கிடையாது. கூரையின் இடுக்குகளால் அதுவாகவே போக வேண்டியதுதான்.

அந்த மூன்று கல்லுக்கு அங்கே இருந்த மதிப்பு பெரிது. 52 வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய நாட்காட்டிகள் ஒரு சுற்று முடியும். அந்த இரவில் நாடு முழுவதும் எல்லா அடுப்புகளையும் அணைத்துவிடுவார்கள். வீட்டுச் சிலைகளையும் அரைக்கும் கல்லையும் அடுப்புக் கற்களையும் தண்ணீரில் எறிந்துவிடுவார்கள். இன்றைய மெக்சிகோ நகரத்துக்குள் அடங்கிவிட்ட இஸ்தபலாப்பாவில் ஒரு குன்றின் உச்சியில், பலியிடப்பட்ட ஒரு மனிதனின் நெஞ்சின் மேல் புது நெருப்புக் கடைந்து, அதிலிருந்து ஊர் ஊராக நெருப்பு எடுத்துப் போவார்கள். கொடூரமான சடங்குதான். ஆனால் அடுப்பு அணைந்தால் உலகமே அணைந்துவிடும் என்று ஒரு சமூகம் பயந்தது என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கடைசியாக அது நடந்தது 1507ஆம் ஆண்டில். 12 வருடம் கழித்து ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் கரையிறங்கினார். 1521இல் அஸ்டெக் தலைநகரம் விழுந்தது. அடுத்த புது நெருப்பை ஏற்ற அந்த அரசு இருக்கவில்லை.

இனி ஸ்பானியர் கொண்டுவந்தவை. மெக்சிகோவின் பூர்வீகக் குயவர்கள் மிகத் திறமையானவர்கள். கையாலும் அச்சாலும் அவர்கள் செய்த பாத்திரங்களும் உருவங்களும் இன்று உலகத்து நூதனசாலைகளை நிரப்புகின்றன. ஆனால் குயவர் சக்கரம் அவர்களிடம் இருக்கவில்லை. சக்கரமும், ஈயம் கலந்த மினுக்கப் பூச்சும், அந்தப் பூச்சைச் சுடும் ஐரோப்பிய முறைச் சூளையும், சுவரோடு சேர்த்துக் கட்டும் புகைபோக்கியும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தவை.

இந்த இடத்தில் எமது வாசகர்கள் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஸ்பானியர் அந்தக் குயவுத் தொழிலை எங்கே கற்றார்கள்? 711 முதல் 1492 வரை அந்த மண்ணின் பெரியதும் சிறியதுமான பகுதிகளில் முஸ்லிம்களின் ஆட்சி இருந்தது. அந்தலூசின் பட்டறைகள் வெள்ளைப் பூச்சுப் பாத்திரங்களுக்கும் வர்ண ஓடுகளுக்கும் பெயர் பெற்றவை. ஆட்சி போன பிறகும் சொற்கள் போகவில்லை. ஸ்பானிய மொழியில் குயவனுக்கு 'அல்ஃபரேரோ' என்று பெயர். அதன் மூலம் அரபியின் 'அல் பஹ்ஹார்', சுட்ட மண். சூரா அர்ரஹ்மான் ஓதுபவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. சுவரோடு 'அசுலேஹோ' என்பது அரபியின் 'அஸ்ஸுலைஜ்'. வெயிலில் காயவைத்த மண்கல்லை இன்று உலகமே 'அடோபி' என்கிறது. அது அரபியின் 'அத்தூப்'. அந்த அரபிச் சொல்லே பழைய எகிப்திலிருந்து வந்தது. மெக்சிகோவில் 1531இல் உருவான புவெப்லா நகரத்தின் தலவேரா மட்பாண்டங்கள் இந்த மரபின் நேர் வாரிசுகள். 2019இல் யுனெஸ்கோ ஸ்பெயினையும் மெக்சிகோவையும் சேர்த்தே அந்தக் கலையைப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். "எல்லாம் நாம் கொடுத்ததுதான்" என்று எழுதும் பழக்கம் எம்மவர்களிடம் இருக்கிறது. அது இங்கே சரிவராது. மண்கல்லால் வீடு கட்ட மெக்சிகோ மக்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஸ்பானியர் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே தியோத்திவாக்கானில் அதைப் பாவித்தார்கள். போனது சொல் மட்டும்.

போறணைக் கேள்விக்கு வருவோம். குவிமாடம் போல மண்ணால் கட்டிய ரொட்டி அடுப்பை ஸ்பானியர் 'ஓர்னோ' என்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். வட ஆபிரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த அடுப்பு அது. இன்றைய நியூ மெக்சிகோ மாநிலத்தில் புவெப்லோ பழங்குடியினர் வீட்டு முற்றங்களில் இன்றும் அதில் ரொட்டி சுடுகிறார்கள். இலத்தீன் 'ஃபுர்னுஸ்' ஸ்பானியரிடம் 'ஓர்னோ' ஆனது, போர்த்துக்கேயரிடம் 'ஃபோர்னு' ஆனது. கோர்ட்டெஸ் மெக்சிகோவில் இறங்குவதற்கு 14 வருடம் முன்பே, 1505இல், போர்த்துக்கேயர் எமது கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான் எமது 'போறணை'. 'குசினி'யும் 'பாணு'ம் அதே கப்பலில் வந்தவை. மத்திய கிழக்கில் வேலை செய்து வந்த சகோதரிகளுக்கு 'ஃபுர்ன்' என்ற சொல் தெரிந்திருக்கும். அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆகவே படத்தைப் பார்த்துப் போறணையா என்று கேட்டவர் தூரத்து உறவுக்காரனைத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்.

சிமெனேயா இந்த இரண்டு மரபும் கலந்த குடிசை வீடுகளின் பிள்ளை. மெக்சிகோ என்றால் வெயிலும் கள்ளிச்செடியும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர்தான். வடக்கே சிவாவா மாநிலத்தில் மார்கழி, தையில் பனி உறையும். அந்தக் குளிரில் கணப்படுப்புக் கட்ட வசதியில்லாத வீட்டில், திறந்த சன்னலுக்குப் பக்கத்திலோ கூரைத் துளைக்கு நேர் கீழேயோ இந்த மண்ணடுப்பை வைத்து, குளிரும் காய்ந்தார்கள், சமையலும் செய்தார்கள். அரசனின் மாளிகையில் பிறந்த பொருளல்ல. செய்த குயவன் எவனும் பெயர் பொறிக்கவில்லை.

அதன் வடிவத்தில் உள்ள அறிவைப் பாருங்கள். வயிற்றுக்குள் எரியும் நெருப்பால் சூடான காற்று பாரம் குறைந்து கழுத்தால் மேலே ஏறும். ஏறும் காற்றின் இடத்தை நிரப்ப, வாயால் புதுக் காற்று உள்ளே இழுபடும். இழுபட இழுபட நெருப்பு நன்றாகப் பிடிக்கும், புகை முகத்தில் அடிக்காமல் தலைக்கு மேலே போய்விடும். ஊதுகுழல் வேண்டியதில்லை. வாய் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் காற்றடித்தாலும் தீப்பொறி எல்லாத் திசைக்கும் பறக்காது. விஞ்ஞான ஆசிரியர்கள் மேற்காவுகையைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை.

ஆனால் மண் மண்தான். உள்ளே கடும் சூடு, வெளியே குளிர் என்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் விரியும், வெடிப்பு விழும். அதனால் புதிதாக வாங்கியதை முதல் நாளே மூட்டி எரிக்கக் கூடாது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, முதல் சில தடவை சுள்ளிகளால் சின்ன நெருப்பு மட்டும் மூட்டி, ஒவ்வொரு தடவையும் தானாக ஆறவிட்டு, படிப்படியாகப் பழக்க வேண்டும். புதுச் சட்டியைக் கழுநீர் வைத்துப் பழக்கும் எமது உம்மாமாருக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

1990களில் இது அமெரிக்க, பிரித்தானிய வளவுகளுக்குப் பரவலாகப் போனது. குளிர் நாட்டில் மாலை நேரம் வெளியே குந்தியிருக்க ஒரு சாக்கு வேண்டும், இது அழகான சாக்கு. அமெரிக்காவில் பிஞ்ஞோன் என்ற பைன் மரத்து விறகை வாசத்துக்காகவே இதில் எரிக்கிறார்கள். மண் வெடிக்கிறது என்று பிறகு வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் செய்யத் தொடங்கினார்கள். எமக்குக் கேட்டால், இரும்பில் செய்ததற்குப் பெயர் மட்டும்தான் மிச்சம். மண் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். இரும்பு தொட்டவனைச் சுடும்.

எமக்கு மனது பொறுக்காத இடம் ஒன்று இருக்கிறது. கழுத்து வைத்த அடுப்பு பணக்கார வளவுக்குப் போய்விட்டது. அதே மெக்சிகோவின் கிராமங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் கழுத்தில்லாத அடுப்பின் முன்னால்தான் இன்னும் இருமிக்கொண்டு சமைக்கிறார்கள். 1976இல் குவாத்தமாலாவைப் பூகம்பம் உலுக்கிய பிறகு, அங்கே மண்ணும் மணலும் கலந்து புகைபோக்கியோடு கட்டும் 'லொரேனா' அடுப்பு உருவானது. சேறு, மணல் என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களை ஒட்டி வைத்த பெயர் அது. அதை மாற்றித் திருத்தி மிச்சோவாக்கானில் 'பட்சாரி' என்ற அடுப்பைச் செய்தார்கள். ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதைத் தொடர்ந்து பாவித்த பெண்களுக்கு இருமலும் நெஞ்சிரைப்பும் குறைந்திருந்தன. ஆனால் பலர் பழைய மூன்று கல்லை விடவில்லை. பெரிய பானை ஏறாது, குளிர் காய முடியாது, பழகிய கை கேட்காது. இதை அறியாமை என்று சொல்வது இலகு. சமைக்கிறவளைக் கேட்காமல் வடிவமைத்தால் எந்த அடுப்பும் மூலைக்குப் போகும் என்பதுதான் உண்மை.

எமது நாட்டிலும் 'அனகி' மண்ணடுப்பு இருக்கிறது. ஒரு நெருப்பில் இரண்டு பானை, விறகும் மிச்சம். ஆனால் அதற்கும் கழுத்து இல்லை. புகைக்கூடு இல்லாத குசினியில் வைத்தால் புகை உம்மாவின் கண்ணுக்குத்தான். வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எரிவாயு விலை ஏறி, சிலிண்டருக்கு வரிசையில் நின்று, கடைசியில் விறகுக்கே திரும்பிய 2022ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் எத்தனை குசினிகளுக்குப் புகைக்கூடு இருந்தது என்று அவரவர் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

படத்தைப் பார்த்துவிட்டு இதே போல ஒன்றை எமது வளவிலும் வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சில விடயங்கள். சமையலுக்கென்று வாங்காதீர்கள், தோட்டத்துச் சிமெனேயாவின் வயிற்றில் சோற்றுப் பானை நிற்காது. கிடுகு வேலி, ஓலைக் கொட்டில் பக்கம் வைக்காதீர்கள். கார்த்திகை மழையில் நனைந்த மண்ணடுப்பை நன்றாகக் காயவிடாமல் மூட்டினால் உள்ளே ஊறிய தண்ணீர் ஆவியாகிப் பிளந்துவிடும், ஆகவே மேலே ஒரு தகரமாவது போட்டு மூடி வையுங்கள். வெளிநாட்டில் வைத்திருக்கும் உறவுகள் முதல் உறைபனிக்கு முன் அதைக் கொட்டிலுக்குள் எடுத்து வையுங்கள். எடுத்து வைக்க முன் தணல் முழுதாக அணைந்து ஆறிவிட்டதா என்று கை வைத்துப் பாருங்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவடைத்த அறைக்குள் குளிருக்காக அதை வைத்துத் தூங்கியவர் எழும்ப மாட்டார்.