கொழும்புக் கடல்வழியும் உல்லாசக் கப்பலின் பொறியியலும்

உல்லாசப் பயணக் கப்பலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மயாமியிலும் கரீபியன் கடலிலும் தொடங்குகிறார்கள். ஆனால் அக்கப்பலின் முக்கியக் கூறுகள் பல, கொழும்பைத் தொட்டு அவுஸ்திரேலியாவுக்கும் கீழைத்தேசங்களுக்கும் ஓடிய கப்பல்களில் முன்னரே பரீட்சிக்கப்பட்டவை. வெப்பமும் பருவக்காற்றும் நீண்ட தூரமும் கப்பல் பொறியியலாளர்களை அதற்குத் தூண்டின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1869இல் சூயெஸ் கால்வாய் திறந்த காலத்தில் அஞ்சல் கப்பல்கள் காலியிலேயே தரித்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கொழும்பில் நங்கூரமிடுவது ஆபத்தாக இருந்தது. சேர் ஜோன் கூட் வடிவமைத்த தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பர் 8இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவடைந்தது; காலியின் இடத்தைக் கொழும்பு பிடித்தது.

1931இல் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் 'ஸ்ட்ராத்நேவர்' கப்பலைக் கொழும்பு வழியாக சிட்னிக்கு அனுப்பியது. அதுவரை கறுப்பாக இருந்த அந்நிறுவனக் கப்பல்களின் உடல், வெயிலின் சூட்டைக் குறைக்க வெள்ளையாயிற்று. இயந்திர அறையிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நீராவிச் சுழலி பற்சக்கரங்கள் வழியாக விசிறியைச் சுழற்றாமல் மின்சாரம் பிறப்பிக்க, மோட்டார்கள் விசிறிகளைச் சுழற்றின. பெரிய பற்சக்கரங்களின் இரைச்சலும் அதிர்வும் இல்லை. பின்னோக்கிச் செல்லத் தனிச்சுழலியும் வேண்டியதில்லை. ஆயினும் அடுத்து வந்த 'ஸ்ட்ராத்மோர்' முதலிய கப்பல்கள் பற்சக்கரத்துக்கே திரும்பின. 1950இல் இதே நிறுவனத்தின் 'சூசான்' கப்பலில் டென்னி-பிரவுன் உறுதிப்படுத்திகள் வந்தன. கப்பல் சாயும்போது இருபுறமும் நீட்டியிருக்கும் துடுப்புகள் நீரின் விசையைக் கொண்டு எதிர்த்திசையில் தள்ளும். பருவக்காற்றுக் கடலில் பயணிகளுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது.

இந்த வரிசையில் என்னை அதிகம் ஈர்ப்பது 'கன்பெரா'. பெல்பாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் வூல்ஃப் கட்டிய, சுமார் 45,000 தொன் கொண்ட இக்கப்பல் 1961 ஜூனில் தன் முதற்பயணத்திலேயே கொழும்புக்கு வந்தது. வடிவமைப்பாளர் ஜோன் வெஸ்ட் இதன் இயந்திரங்களைப் பின்பகுதிக்குத் தள்ளினார். நடுப்பகுதி முழுவதும் பயணிகளுக்குக் கிடைத்தது. உயிர்காப்புப் படகுகள் மேற்தளத்திலிருந்து சில தளங்கள் கீழே, பக்கவாட்டில் அமைந்த பள்ளத்துக்கு இறங்கின. மேலே வெயிற்தளம் தடையின்றி விரிந்தது. மேற்கட்டுமானம் அலுமினியத்தால் ஆனதால் பாரம் குறைந்தது. விலையும் உண்டு: பின்பகுதி பாரமாகிச் சாய்ந்ததால் முன்பகுதியில் எதிர்ப்பாரம் வைக்க நேர்ந்தது. மின்னுந்தலும் முழுக் குளிரூட்டலும் இதில் ஒன்றுசேர்ந்தன. ஜெட் விமானங்கள் தொலைவழிப் பயணிகளைக் கவர்ந்ததும் 1974இல் 'கன்பெரா' முழுநேர உல்லாசக் கப்பலாயிற்று. 1997 வரை ஓடியது.

பிறகு வந்த கப்பல்களில் சுழலியின் இடத்தை டீசல் மின்பிறப்பாக்கிகள் எடுத்தன. பல பிறப்பாக்கிகள் ஒரே மின்வலையில் இணைந்து விசிறிக்கும் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் தேவைக்கேற்ப மின்சாரம் தருகின்றன. துறைமுகத்தில் நிற்கும்போது சிலவற்றை நிறுத்திவிடலாம். 1998இல் 'எலேஷன்' கப்பலில் வந்த அஸிபொட், மோட்டாரையே கப்பலுக்கு வெளியே நீரில் தொங்கவிட்டது. அது முழு வட்டமாகத் திரும்புவதால் சுக்கான் தேவையற்றதாயிற்று. 2024இல் சேவைக்கு வந்த 'ஐகன் ஒஃப் த சீஸ்' சுமார் 365 மீற்றர் நீளம், 2,48,663 மொத்தத் தொன் கொள்ளளவு. நீருக்குள் அமிழ்வதோ ஏறத்தாழ 9 மீற்றர்தான். உயரத்தை அகலத்தால் தாங்குகிறது. 2010 ஜூலைக்குப் பின் கட்டப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்களுக்குச் சர்வதேச விதி ஒன்றும் சேர்ந்தது: தீயோ வெள்ளமோ ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்தாலும், குறித்த எல்லைக்குள் கப்பல் தானே கரை திரும்ப வேண்டும். ஆகவே இயந்திர அறைகளே பிரித்து அமைக்கப்படுகின்றன.

இலங்கையில் இத்தனை பெரிய கப்பல்கள் கட்டப்படவில்லை. ஆனால் 1974இல் நிறுவப்பட்ட கொழும்பு டொக்யார்ட், இலட்சத்தீவு நிர்வாகத்துக்காக 'அரேபியன் சீ', 'இலட்சத்தீவு சீ' ஆகிய, தலா 250 பயணிகளை ஏற்றும் கப்பல்களையும், பின்னர் 400 பேர் செல்லக்கூடிய 'கோரல்ஸ்', 'லகூன்ஸ்' கப்பல்களையும் கட்டியது. ஆயினும் நாம் எழுதும் துறைமுக வரலாறு தேயிலையோடும் கொள்கலனோடும் நின்றுவிடுகிறது. 1893இல் தொடங்கிய மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மிக அருகில் நிகழ்ந்த இந்தப் பொறியியல் வரலாறு, அங்கு பயிலும் மாணவருக்குப் பாடமாக வேண்டும்.