ஆர்னன், டேனியல் (1910–1994)
டேனியல் ஆர்னன் வார்சாவில் பிறந்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய தாவர உடலியலாளர் ஆவார். 1938இல் சக ஆய்வாளர் ஹோக்லாந்துடன் சேர்ந்து மண்ணில்லாப் பயிர்வளர்ப்புக் கையேட்டை வெளியிட்ட இவர், மறு ஆண்டு மற்றொரு சக ஆய்வாளரான ஸ்டவுட்டுடன் எழுதிய கட்டுரையில், ஒரு தனிமம் தாவரத்துக்கு இன்றியமையாதது எனக் கொள்வதற்கான மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அவை இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

இவருடைய கட்டுரைகளுள் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெறுவது, பீட் செடியின் பசுங்கணிகங்களில் உள்ள செப்பு நொதிகளைப் பற்றி 1949இல் வெளிவந்ததாகும். எனினும் அதை மேற்கோள் காட்டுவோரில் பெரும்பாலோர் நாடுவது நொதி பற்றிய முடிவுகளை அன்று. இலையை 80 விழுக்காடு அசிட்டோனில் அரைத்து, வடிநீர் 645, 663 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என அளந்து, பச்சையத்தின் அளவைக் கணக்கிடும் சமன்பாடுகளையே ஆகும்.

ஒளியாற்றலைக் கொண்டு பசுங்கணிகம் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றை ஆக்கும் ஒளிப்பாஸ்பரவேற்றத்தை இவர் குழுவினர் 1954இல் கண்டறிந்தனர். அறிவியல் வரலாற்றில் இக்கண்டுபிடிப்பே பெரிதாயினும், மேற்கோள் எண்ணிக்கையில் அளவீட்டு முறையே முந்துவதால், அவ்வெண்ணிக்கை ஒரு கட்டுரையின் பயன்பாட்டைக் காட்டுமேயன்றி அதன் கருத்தாழத்தை முழுமையாக அளந்துவிடாது என்பதற்கு இவரது பணி தக்க சான்றாகும்.